பெயரை மறைக்காத பத்திரிகை: இரட்டைமலை சீனிவாசனார்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

வெள்ளி விழா மலரில் பத்திரிகைத் தொழிலைப் பற்றி ஓர் உரை இடம்பெற வேண்டும் என்றும், அது நம் இளைஞருக்குப் பயன்படும் ஒருவருடைய வாழ்க்கையாக அமைய வேண்டும் என்றும் சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். யாரைத் தேர்வது என்று நெடுநாள் எண்ண வேண்டிய தேவை நமக்கு ஏற்படவில்லை. ஊரைவிட்டு வெளியேற நேர்ந்த ஒரு குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநகரில் பத்திரிகையாசிரியராக வாழ்ந்து, கடல் கடந்து சென்று, முதுமையில் இலண்டன் வட்டமேசையில் டாக்டர் அம்பேத்கருக்குப் பக்கத்தில் அமர்ந்த இரட்டைமலை சீனிவாசனாரைப் பற்றியே பேச விழைகின்றோம். அவரைப் பட்டம் பெற்ற தலைவர் என்று பலர் அறிவர். பத்திரிகையாசிரியர் என்று அறிந்தவர் சிலரே. அந்தச் சிலருடைய தொகையைச் சற்றே பெருக்குவதுதான் இவ்வுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. ‘நாடு கடத்தல்’ என்றதும் நம் நினைவுக்கு வருவது அரசாங்கத்தின் ஆணை, காவலர், கப்பல் ஆகியவை. சுப்பிரமணிய பாரதியார் 1908-ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியின் கைக்கு எட்டாத புதுச்சேரிக்குச் சென்றார். பத்தாண்டுகள் கழித்து 1918-இல்தான் மீண்டார். அதை எல்லா நூல்களும் எழுதியுள்ளன. நாமும் வகுப்பில் நடத்துகின்றோம். ஆனால் அரசாணை ஏதுமின்றி, ஊராரின் கட்டுப்பாட்டினாலும் வறுமையினாலும் இரவோடிரவாக மூட்டை கட்டிய குடும்பங்களின் கணக்கை எழுதியவர் யார்? இந்த வியாசர்பாடியைச் சுற்றிப் பாருங்கள். செங்கற்பட்டு, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டச் சிற்றூர்களிலிருந்து துறைமுகத்துக்கும் பின்னி ஆலைக்கும் இரயில்வே பணிமனைக்கும் வேலை தேடி வந்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் நாம். பர்மாவில் நெல்லும் கடையும் வீடும் இழந்து, 1964-ஆம் ஆண்டையொட்டிக் கப்பலேறி வந்தவர்களும் நம் தெருக்களில்தான் குடியமர்ந்தார்கள். உங்கள் பாட்டனார் ஏன் ஊரைவிட்டு வந்தார் என்று கேட்டால், ‘பிழைக்க வந்தார்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் எத்தனையோ மறைந்து கிடக்கின்றன.

சீனிவாசனாரின் ஊர் கோழியாளம். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தையடுத்த சிற்றூர். அவர் பிறந்தது 1859-ஆம் ஆண்டு ஜூலை 7 என்பர். தந்தையார் பெயர் இரட்டைமலை. இதை ஏதோ ஊர்ப் பெயர் என்றும் மலைப் பெயர் என்றும் எண்ணி மயங்குவோர் இன்றும் உளர். அது தந்தையின் பெயரே. குடும்பம் கோழியாளத்தில் நிலைக்க இயலாமல் தஞ்சைக்குப் பெயர்ந்தது. பின்னர் கோயம்புத்தூருக்குச் சென்றது. சாதிக் கொடுமையே அவ்வாறு அலையச் செய்தது.

அக்காலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தின் நிலையை நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அம்மாவட்டக் கலெக்டராக இருந்த டிரமென்கீர் என்னும் ஆங்கிலேயர் 1891-இல் எழுதிய அறிக்கை இருக்கின்றது. அவர் கண்டது யாது? சேரி மக்களுக்கு உழ நிலமில்லை. அதைவிடக் கொடியது, குடியிருக்கும் மனையும் அவர்களுடையதன்று என்பது. மனை மிராசுதாருடையது. கூலி உயர்வு கேட்டாலோ, வேறொருவரிடம் வேலைக்குச் சென்றாலோ, தலை நிமிர்ந்து மறுமொழி கூறினாலோ மனையைக் காலி செய் என்று சொல்லிவிடலாம். தரிசாகக் கிடக்கும் நிலத்தைச் சர்க்காரிடம் விண்ணப்பித்துப் பெறலாம் என்றால், முதல் உரிமை எமக்கே என்று மிராசுதார் குறுக்கே நிற்பார். கடன் பத்திரத்தில் கைந்நாட்டு வைத்த படியாள் தலைமுறை தலைமுறையாக அதே வயலில் உழைப்பான். வீடு என்பது பிறர் விருப்பத்தின்மேல் நின்றால், அதைவிட்டு வெளியேறுவதற்குத் தனியாக ஆணை எதற்கு? இந்த அறிக்கையின் பயனாகத்தான் 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் 1010-ஆம் எண் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் வழக்காடிக்கொண்டிருப்பது அந்த ஆணையின் வழி வந்ததே. சீனிவாசனார் அப்போது ஊரைவிட்டு வெகுதொலைவு வந்துவிட்டார். கோழியாளத்துச் சிறுவனுக்கு அவ்வாணை காலங்கடந்து வந்தது.

இனி, கோயம்புத்தூர்ப் பள்ளிக்கு வருவோம். ஆசிரியத் தொழிலில் இருப்பதனால் போலும், அவருடைய வரலாற்றில் நம் நெஞ்சைத் தைத்த பகுதி இதுவே. அவர் படித்த கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர்கள். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக மற்ற அனைவரும் பிராமணர். பிற மாணவருடன் நட்புக் கொண்டால் சாதி யாது, வீடு எங்கே, தந்தை யார் என்று கேட்பார்கள்; தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்கள் என்று அவர் அஞ்சினார். ஆகவே காலையில் பள்ளிக்கு வந்ததும் உள்ளே செல்லமாட்டார். வெளியே ஓரிடத்தில் நின்று படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்தபின் வகுப்புக்குள் நுழைவார். மாலையில் வகுப்பு விட்டதும், எவரும் தம்மோடு சேர்ந்து நடக்க முடியாதபடி விரைந்து வீடு போய்ச் சேருவார். விளையாட வேண்டும் என்ற ஆசை அச்சிறுவனுக்கும் இருந்தது. அந்த ஆசையை அடக்கிக்கொண்டு நடந்த நடையைத் தம் எண்பதாவது வயதில் எழுதிய வரலாற்றில் அவர் மறவாமல் குறித்திருக்கிறார். பட்டங்களும் பதவிகளும் பெற்ற பிறகும், அரண்மனையில் மன்னரைக் கண்ட பிறகும், அந்தப் பள்ளி மணி அவர் காதில் ஒலித்துக்கொண்டே இருந்திருக்கிறது என்றுதானே பொருள்?

இளைஞர்களே! இது நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய கதை என்று தள்ளிவிட வேண்டா. எம் பள்ளியில் படித்துப் பட்டம் பெற்ற ஒரு மாணவர், வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு நம்மிடம் சான்றொப்பம் பெற வந்தார். முகவரியில் வியாசர்பாடி இல்லை. பெரம்பூரில் உள்ள ஒரு நண்பரின் வீட்டு எண்ணை எழுதியிருந்தார். ஏனப்பா என்று கேட்டோம். முன்பு ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு நன்றாக நடந்துகொண்டிருந்ததாம். எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டார்களாம். இவர் ஊர்ப் பெயரைச் சொன்னாராம். அத்துடன் கேள்விகள் நின்றுவிட்டனவாம். ‘ஐயா, நான் பொய் எழுதவில்லை; கடிதம் வந்து சேர ஒரு முகவரி எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்’ என்றார். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. மணி அடிக்கும் வரை வெளியே நின்ற சிறுவனையும் எவரும் கடிந்துகொள்ள முடியாது. ஒளிந்துகொள்ளும்படி செய்தவர்கள் வேறு, ஒளிந்துகொண்டவர்கள் வேறு.

அவ்வாறு ஒளிந்து நடந்த சிறுவன் பிற்காலத்தில் செய்த காரியம் யாது என்பதே நாம் கருத வேண்டியது.

கல்வி முடிந்தபின் சீனிவாசனார் நீலகிரியில் ஐரோப்பியர் நிறுவனத்தில் கணக்கராகப் பத்தாண்டுகள் பணிபுரிந்தார். நீலகிரி அந்நாளில் நம் மக்களுக்கு ஒரு புகலிடமாக இருந்தது. மிராசுதாரின் கை அங்கு அவ்வளவாக எட்டவில்லை. பண்டிதர் அயோத்திதாசரும் அம்மலையில்தான் பல்லாண்டு வாழ்ந்தார். சீனிவாசனாருடைய சகோதரியை மணந்த வகையில் பண்டிதர் அவருக்கு நெருங்கிய உறவினருமாவார். 1890-இல் சீனிவாசனார் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1891-இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் பத்திரிகையைத் தொடங்கினார்.

நம் மக்கள் நடத்திய முதற் பத்திரிகை இதுவன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1869-இலேயே ‘சூரியோதயம்’ வெளிவந்ததாகப் பத்திரிகை வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அதன்பின் ‘பஞ்சமன்’ வந்தது. ஜான் இரத்தினம் அவர்களும் அயோத்திதாசரும் 1885-இல் ‘திராவிட பாண்டியன்’ நடத்தினர். 1907 ஜூன் 19-இல் இராயப்பேட்டையிலிருந்து பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. கோலார் தங்கவயல் தொழிலாளர் அதைத் தாங்கி நின்றனர். டாக்டர் அம்பேத்கர் தம் முதல் பத்திரிகையாகிய ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியது 1920 ஜனவரி 31-இல். சீனிவாசனாரின் பத்திரிகை வெளிவந்தபோது அம்பேத்கர் இரண்டரை வயதுக் குழந்தை. இதை நாம் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. எழுத்தறிவு நமக்கு எவரோ பின்னாளில் கொடுத்த பிச்சை என்று பேசுவோருக்கு விடையாகச் சொல்லுகிறோம்.

அந்தப் பத்திரிகையின் பெயர் ‘பறையன்’.

வீட்டையும் சாதியையும் எவரும் அறியக்கூடாது என்று ஓட்டமும் நடையுமாகச் சென்ற சிறுவன், வளர்ந்தபின் எந்தச் சொல்லுக்கு அஞ்சினாரோ அந்தச் சொல்லையே பெரிய எழுத்தில் அச்சுக் கோத்துப் பத்திரிகையின் நெற்றியில் பொறித்தார். ‘இந்தப் பெயர் எதற்கு? வேறு நல்ல பெயரா கிடைக்கவில்லை?’ என்று நம்மவருள்ளேயே பலர் முகஞ்சுளித்தனர். பெயரை வெளிப்படையாகச் சொல்லி, ‘நான் இன்னான், எனக்கு இன்ன உரிமை வேண்டும்’ என்று முன்வராதவன் எந்த உரிமையையும் பெறமாட்டான், மறைந்து வாழ்கிறவனுக்குத் தனியாகக் கிடைக்கும் மதிப்பு அவனோடு மறைந்துபோகும், அவன் இனத்துக்கு அதனால் பயனில்லை. இதுவே சீனிவாசனாரின் கருத்து.

பண்டிதர் அயோத்திதாசர் இதற்கு நேர்மாறாக எண்ணினார். அப்பெயர் நம்முடையதே அன்று, பகைவர் சூட்டியது, பூர்வ பௌத்தர்களாகிய நம்மை இழிவுபடுத்த வந்தது, பகைவன் இட்ட பெயரை நாமே சுமப்பதா என்று வினவினார். சாதிபேதமற்ற தமிழர் என்றும் திராவிடர் என்றும் நம்மைக் குடிமதிப்பில் பதிய வேண்டும் என்று போராடினார். உறவினர்களாகிய இருவரும் 1891-ஆம் ஆண்டில் தனித்தனிச் சபை கண்டார்கள். பண்டிதருடையது திராவிட மகாஜன சபை.

இருவரில் யார் கூற்று சரி என்று மாணவர்கள் நம்மைக் கேட்பதுண்டு. வரலாற்றைப் பற்றிய கேள்வியாகக் கொண்டால் பண்டிதர் பக்கம் சேர நமக்கு விருப்பம். அடக்கப்பட்டவனுக்கு ஒரு பழம்பெருமை வேண்டும்; அது அவனை நிமிர்த்தும். ஆனால் அன்றாட வாழ்வைப் பற்றிய கேள்வியாகக் கொண்டால் சீனிவாசனார் சொன்னதில்தான் உறுதி அதிகம் என்று எமக்குத் தோன்றுகிறது. சாதிச் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு, இருபது ஆண்டுகள் அஞ்சி அஞ்சி வேலை பார்த்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் வந்த வழியைப் பின்னால் வருபவன் அறிய முடியாமற் போயிற்று. பெயர் தெரியாதவரிடம் யார் சென்று உதவி கேட்பது? இக்கருத்தை ஏற்காத பெரியோர் இவ்வவையிலேயே இருக்கின்றனர். பிற்பகல் அமர்வில் அவர்களும் பேச இருக்கிறார்கள். நல்லது.

பத்திரிகை நடந்த விதத்தைச் சிறிது பார்ப்போம். முதல் இதழ் சிறிய அளவில் நான்கு பக்கம். செலவு 10 ரூபாய் என்று அவரே எழுதியிருக்கிறார். 400 படிகள் இரண்டே நாளில் தீர்ந்தன. மாத இதழாகத் தொடங்கியது மூன்று மாதத்தில் வார இதழாயிற்று. இரண்டாண்டுகளில் தமக்கென அச்சகமே அமைத்துக்கொண்டார். இந்தக் கடைசிச் செய்தியை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அச்சகம் இல்லாத பத்திரிகையாளன் பிறர் திண்ணையில் குடியிருப்பவனைப் போன்றவன். வீட்டுக்காரன் மனம் மாறினால் பாயைச் சுருட்ட வேண்டியதுதான். மனை சொந்தமில்லாமையால் ஊரைவிட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இது தெரியாமலா இருக்கும்? எழுத்துப் பெட்டியும் அச்சுப் பொறியும் அவருக்கு மனைக்கட்டு போன்றவை.

யார் படித்தார்கள்? அந்நாளில் நம்முள் எழுத்தறிந்தோர் மிகச் சிலர். ஆயினும் ஒருவர் உரக்கப் படிக்கச் சுற்றியிருப்பவர் கேட்பது அக்கால வழக்கம். துரைமார் வீட்டில் வேலை செய்தோர், பட்டாளத்தில் இருந்தோர், இரயில்வே தொழிலாளர், மிஷன் பள்ளிகளில் படித்தோர் என்று ஒரு கூட்டம் உருவாகியிருந்தது. இவர்களைத் தவிர இன்னொரு வாசகரும் இருந்தார். அவர் சென்னைச் சர்க்காரின் மொழிபெயர்ப்பாளர். தாய்மொழிப் பத்திரிகைகளில் என்ன எழுதுகிறார்கள் என்பதை ஆங்கிலத்தில் சுருக்கி மேலதிகாரிகளுக்கு அனுப்புவது அவர் அலுவல். ‘பறையன்’ இதழ்கள் இன்று பெரும்பாலும் அழிந்துவிட்டன. அதில் எழுதப்பட்டவற்றை ஆராய்ச்சியாளர்கள் அறிவதற்கு அந்த ஆங்கிலச் சுருக்கங்களே பெரிதும் உதவுகின்றன. தமிழில் எழுதியதை ஆங்கிலத்தில் தேட வேண்டியிருப்பது ஒருபுறம் வருத்தம். மறுபுறம், சேரியின் குரல் கோட்டை வரை சென்றது என்பதற்கு அதுவே சாட்சி.

குறைகளை எழுதுவதோடு அவர் நிற்கவில்லை. பத்திரிகையைக் கொண்டு மக்களைத் திரட்டினார். 1893 ஜூன் மாதம் ஆங்கிலப் பாராளுமன்றக் கீழவை ஒரு தீர்மானம் இயற்றியது. இந்தியாவின் உயர் பதவிகளுக்கான ஐ.சி.எஸ். தேர்வை இலண்டனில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது அது. காங்கிரசு நெடுநாளாக வேண்டிய சீர்திருத்தம் அதுதான். நாட்டுக்கு நன்மை என்று எல்லாரும் மகிழ்ந்தனர். சீனிவாசனார் மட்டும் வேறொரு கேள்வி கேட்டார்: இங்கே தேர்வு நடந்தால் எழுதுவோர் யார்? வெல்வோர் யார்? பள்ளிக்குள்ளேயே நுழைய முடியாதவன் தலைமேல், அவனை நுழைய விடாதவனே கலெக்டராக வந்து அமர்வானே? டிசம்பர் 23-ஆம் நாள் சென்னையில் கூட்டம் கூட்டினார். பாராளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் ஆயத்தமாயிற்று. அதில் 3,412 பேர் கையொப்பமிட்டனர். காகிதத்தை ஒட்டி ஒட்டி நீட்டியதில் அதன் நீளம் 112 அடி. நம் பள்ளி வகுப்பறை ஒன்று இருபது அடி என்று கொண்டால், அது ஐந்து அறைகளைக் கடந்து ஆறாவது அறைக்குள் நுழையும்! பாராளுமன்ற உறுப்பினராக இருந்த ஜெனரல் சர் ஜார்ஜ் செஸ்னி வழியாக அவ்விண்ணப்பம் சேர்ப்பிக்கப்பட்டது.

இதை வைத்துச் சீனிவாசனாரை ஆங்கிலேயருக்கு ஆதரவாளர் என்று தூற்றியோர் அன்றும் இருந்தனர், பின்னும் இருந்தனர். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று அவர் பெற்ற பட்டங்களையும் சேர்த்துப் பேசுவர். நாம் ஒன்று கேட்கிறோம். அதே 1893-இல் காங்கிரசும் இலண்டனுக்கு விண்ணப்பந்தானே அனுப்பிக்கொண்டிருந்தது? அது செய்தால் தேசபக்தி, இது செய்தால் அடிமைத்தனம் என்பது எந்த ஊர் நியாயம்? அவர் அந்நியனை விரும்பினார் என்பதைவிட, அண்டை வீட்டானை நம்ப அவருக்குக் காரணம் இல்லை என்பதே பொருந்தும். தேர்வு இந்தியாவில் நடப்பது தவறா என்றால், தவறன்று. அதில் நமக்கும் இடம் ஒதுக்கிவிட்டு நடத்துங்கள் என்று சொல்லும் ஏற்பாடு அன்று இல்லை. அந்த ஏற்பாட்டைக் கொண்டுவரப் பிறகு நாற்பது ஆண்டு பிடித்தது. அதைக் கொண்டுவந்தவர்களுள் இவரும் ஒருவர்.

பத்திரிகைத் தொழிலுக்கு வழக்கமாக வரும் சோதனையும் வந்தது. 1896-இல், பத்திரிகையில் வெளியான ஒரு கடிதத்தின் பொருட்டு ஆசிரியர்மேல் வழக்குத் தொடுக்கப்பட்டது. நீதிமன்றத்தில் 100 ரூபாய் தண்டம் விதித்தார்கள். விசாரணையன்று நம் மக்கள் பணமுடிப்புகளுடன் வந்து நீதிமன்றத்தில் கூடி நின்றார்கள். கூலி வேலை செய்தவர்களின் பணம் அது. பத்திரிகை ஒன்று மக்களுடையதாகிவிட்டதா என்பதை அறிய விற்பனைக் கணக்கைவிட இது நல்ல கணக்கு. இன்று நம் பிள்ளைகள் ஊடகத் தொழிலுக்குச் செல்லுகிறார்கள், வாழ்த்துகிறோம். ஆனால் அவர்களுக்கு ஒரு வழக்கு வந்தால் நம்முள் எத்தனை பேர் முடிப்போடு போய் நிற்போம் என்பதைப் பெரியவர்களாகிய நாமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கல்வியைப் பற்றி அவர் இடையறாது வற்புறுத்தினார். 1893 பிப்ரவரியில் சென்னை அரசு பிறப்பித்த 68-ஆம் எண் கல்வி ஆணை, பஞ்சமர் கல்விக்குச் சாசனம் என்று சொல்லத்தக்கது. பள்ளிக்கூடம் கட்டப் புறம்போக்கு நிலம், ஆசிரியப் பயிற்சிக்கு உதவித்தொகை முதலியவற்றுக்கு அது வழி செய்தது. ஆணை எழுதுவது எளிது. பள்ளி நடப்பது அரிது. எழுதிய ஆணை நடைமுறைக்கு வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருக்க ஒரு பத்திரிகை தேவைப்பட்டது.

ஏழாண்டுகள் நடந்த ‘பறையன்’ 1900-இல் நின்றது. இங்கிலாந்து சென்று பாராளுமன்றத்தாரிடம் நேரில் முறையிட வேண்டும் என்று சீனிவாசனார் அவ்வாண்டு கப்பலேறினார். இங்கிலாந்து போய்ச் சேரவில்லை. ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. சில காலம் கழித்துத் தென்னாப்பிரிக்கா சென்று நேட்டால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரானார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் நீதிமன்றத்தில் நிற்கும்போது அவர்களின் சொல்லை நீதிபதிக்கு உணர்த்தும் வேலை. இதுவும் ஒருவகையில் பத்திரிகைத் தொழிலே என்போம்: வாயிருந்தும் மொழியில்லாதவனுக்கு மொழியாக நிற்பது. அங்கு வழக்கறிஞராக இருந்த காந்தியடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்பித்தவர் இவரே. பிற்காலத்தில் தீண்டாமை பற்றிய கொள்கையில் இருவரும் எதிரெதிர் நின்றபோதும் இந்தப் பழக்கத்தை அவர் மறக்கவில்லை.

இருபதாண்டுக்குப் பின், 1921-ஐ ஒட்டிச் சென்னைக்குத் திரும்பினார். நம் பகுதிப் பெரியவர்களுக்கு அந்த ஆண்டைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பின்னி ஆலை வேலைநிறுத்தம், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தது, துப்பாக்கிச் சூடு எல்லாம் அவ்வாண்டில்தான். நாடு திரும்பியவர் கண்ட சென்னை அது. 1923-இல் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அந்நாளில் அதுவே மாகாணத்தின் ஒரே சட்டமன்றம். 1924 ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுத் தெருவிலும் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் எதையும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். 1925 பிப்ரவரி 24-ஆம் நாள் அரசிதழில் அது வெளியிடப்பட்டது. தெருவில் நடப்பதற்கு ஒரு தீர்மானமா என்று இன்றைய பிள்ளைகள் வியப்பார்கள். வியக்கட்டும், அவ்வியப்பே அத்தீர்மானத்தின் வெற்றி. அது எல்லா ஊரிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிட வேண்டா.

1930 நவம்பரில் முதல் வட்டமேசை மாநாடு இலண்டனில் கூடியது. தாழ்த்தப்பட்டோர் சார்பில் இருவர். ஒருவர் முப்பத்தொன்பது வயது அம்பேத்கர். மற்றவர் எழுபத்தொரு வயது சீனிவாசனார். முப்பது ஆண்டுக்கு முன் புறப்பட்ட இலண்டன் பயணம் அன்றுதான் முடிந்தது என்று சொல்லலாம். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், தீண்டாமை என்றால் என்ன என்று கேட்டாராம். தெருவில் ஒருவன் விழுந்துகிடந்தாலும் மேல்சாதி என்று சொல்லிக்கொள்பவன் தொட்டுத் தூக்கமாட்டான் என்று இவர் விளக்க, மன்னர் திடுக்கிட்டார் என்று தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இருவரும் சேர்ந்து தாழ்த்தப்பட்டோர் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை மாநாட்டில் அளித்தனர். தனித் தொகுதி வழங்கப்பட்டது. காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். 1932 செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் கையொப்பமிட்டவருள் சீனிவாசனாரும் ஒருவர். மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் சென்னைக்கு 30. தனித் தொகுதியை விட்டுக்கொடுத்தது இலாபமா நட்டமா என்பது இன்றும் தீராத வழக்கு. இவ்வுரையில் அதற்கு இடமில்லை.

அம்பேத்கரோடு அவர் மாறுபட்டதும் உண்டு. 1935-இல் அம்பேத்கர் இந்து மதத்தைவிட்டு வெளியேறப்போவதாக அறிவித்தபோது, நாம் வருணத்துக்குப் புறம்பானவர்கள். உள்ளே இருந்தாலல்லவா வெளியேறுவது என்று இவர் கேட்டார். பெயரைப் பற்றிப் பண்டிதரோடு மாறுபட்ட அதே மனம்தான் இது: நாம் இன்னார் என்பதை மாற்றிக்கொள்ளாமலே உரிமை பெற வேண்டும் என்ற பிடிவாதம். பிடிவாதம் என்று நாம் அன்போடுதான் சொல்லுகிறோம்.

1939-இல் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற பெயரில் தம் வரலாற்றை வெளியிட்டார். சிறிய நூல். சுருக்கம் என்று பெயரிட்டதற்கேற்பச் சுருக்கமாகவே இருக்கிறது, பத்திரிகையாசிரியர் கையல்லவா! தம்மைப் பற்றிப் பேச வேண்டிய இடத்திலும் தேதியும் தீர்மானமும் எழுதுகிறார். 1945 செப்டம்பர் 18-இல் மறைந்தார். 2000-ஆம் ஆண்டில் அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலையை வெளியிட்டது. கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் தமிழக அரசு மணிமண்டபம் எழுப்பியுள்ளது. ஆனால் அவர் துயில்கொள்ளும் இடம் கிண்டியில் இல்லை. நமக்கு அருகில் ஓட்டேரியில் இருக்கிறது. ‘உரிமைக் களம்’ என்று அதற்குப் பெயர். இங்கிருந்து மிதிவண்டியிலேயே போய்வரலாம்.

‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தின் இரண்டு படிகள் நம் சங்க நூலகத்தில் வாங்கி வைக்கப்பட்டுள்ளன. ஒரே மாலையில் படித்து முடிக்கலாம். பெயரையும் முகவரியையும் பதிவேட்டில் எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம் என்று நூலகப் பொறுப்பாளர் தெரிவிக்கச் சொன்னார்.